ஒரு மீற்றருக்கு ஒரு வருடம்

வந்திருந்தவர்கள் இவர்கள்.

பெரித். நகரசபையில் இருந்து கூட்டத்தை நடத்த வந்தவர்.

கட்டடக் கலைஞர் ஒருவர். கையில் சுருட்டிய வரைபடம். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை.

அதிபர்.

ஆசிரியர்கள் மூன்று பேர். ஒருவர் மரவேலை படிப்பிப்பவர்.

படிப்பிக்கும் திரைகள் விற்கிற கம்பனி ஆள் ஒருவர்.

மேல் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர்.

சோமாலித் தாய்மார் இருவர்.

நோர்வேஜியப் பெற்றோர் ஐந்து பேர்.

பிரபு. கோயம்புத்தூர்க்காரர். கணினி வேலை.

எங்கட ஆக்கள் பதினாறு பேர். எட்டுக் குடும்பம், புருசனும் பெண்சாதியும்.

மூலையில் மடிக்கணினியோடு ஒரு பெண். கதைக்கிறதை எழுத.

பிறகு நான். பள்ளிக்கூடக் கதவுகளின் திறப்புக் கோர்வையோடு வாசலடியில். என்னை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

இடம், ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம். பின்னேரம் ஐந்து மணி. தரை கெடும் என்று எல்லாரும் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட இருந்தார்கள். இன்னும் இருபது வருடத்தில் அங்கே மெசின் எவ்வளவு படிப்பிக்கும், ஆள் எவ்வளவு படிப்பிக்கும் என்று, கட்ட முதல், சம்பந்தப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கிற கூட்டம் அது.

இப்போது என் இடத்தில் வேலை செய்கிறவள் நிலானி. இங்கே பிறந்த பிள்ளை. போன மாதம் ஃபோன் எடுத்தாள்.

"அங்கிள், ஸ்டோர் றூமிலை ஒரு பெட்டி நிறைய மரக்கட்டை கிடக்கு. சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானோ? எறியட்டோ?"

"எறியாதை."

"அப்ப என்னெண்டு எழுதித் தாங்கோ. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

இப்போது அந்தக் கூட்டமெல்லாம் ஃபோனில் நடக்கிறது. கேள்வி வரும், விரலால் அமத்தினால் முடிந்தது. அவள் கேட்டதால் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். பிழை இருக்கும்.

இருபத்திரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். வடக்கே மீன் தொழிற்சாலையில் நாலு வருடம். கை மரத்ததுதான் ஞாபகம். பிறகு ஒஸ்லோ. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பிறகு அங்கேயே பராமரிப்பாளர். இங்கே வக்த்மெஸ்டர் என்பார்கள். கதவு, விளக்கு, சூடாக்கி, பனி வழிக்கிறது. அதற்குப் படித்தது ஒரு குளிர்காலப் பின்னேர வகுப்பு. அவ்வளவுதான்.

பெரித் வந்தபோது எனக்கு அறுபது. அவருக்கு என்னை விடக் கொஞ்சம் குறைய இருக்கும். மெலிந்த பெண். முதல் நாள் மண்டபத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இங்கே பிள்ளைகள் எங்கே போய் ஒளிப்பார்கள்?"

முப்பது வருடத்தில் ஒரு மேலதிகாரியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. காட்டினேன். பாய்கள் அடுக்கிய இடத்துக்குப் பின்னால். குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தார். முழங்காலில் தூசி. தட்டவில்லை.

அவருக்குச் சில பழக்கங்கள். ஒரு கேள்வியைக் கேட்டால் மனதுக்குள் முப்பது வரை எண்ணுவார். உதடு அசைவது தெரியும். அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டாலும் உதவிக்கு வரமாட்டார். தான் முதலில் கதைக்கமாட்டார். ஆட்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். பிழையான நோர்வேஜிய மொழியில் சொன்னால் பிழையாகவே எழுதுவார். "திருத்தினால் அது என்னுடைய வசனம்" என்பார். ஒரே வசனத்தை எத்தனை பேர் சொன்னாலும் ஒரு தரம்தான் எழுதுவார். இதை மறக்க வேண்டாம்.

கோடு போட்டது நான். தரையில் ஏற்கனவே விளையாட்டுக் கோடுகள் வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று கிடந்தன. எதிர்காலத்துக்கு நிறம் மிஞ்சவில்லை. கறுப்பு நாடா வாங்கினேன். கதவடியில் தொடங்கி இருபது மீற்றர். ஒரு மீற்றருக்கு ஒரு வருடம். ஐந்து மீற்றருக்கு ஒரு குறுக்குக் கோடு. கழற்றும்போது தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடு காட்டி மெல்ல உரிக்க வேணும். இழுத்தால் வார்னிஷ் போய்விடும்.

ஆண்டு இலக்கம் எழுத பெரித் விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிள்ளையின் வயது. இன்றைக்கு முதலாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு ஆறு. ஐந்தாம் மீற்றரில் பதினொன்று. பத்தில் பதினாறு. இருபதில் இருபத்தாறு. மட்டையில் எழுதி வைத்தேன்.

வேலை முடிந்து தனியே நின்று பார்த்தேன். நான் ஒவ்வொரு நாளும் தும்புத்தடி தள்ளிப் போகிற தூரம்தான். அதன் கடைசிக்குப் போனேன். அங்கே எனக்கு எண்பது. திரும்பினால், இன்றைய நாள் தூரத்தில், கதவடியில், ஒரு துண்டு நாடா மாதிரிக் கிடந்தது. மயிர் கூச்செறிந்தது. சாமியறையில்கூட எனக்கு அப்படி வருவதில்லை.

கட்டைகள் மரவேலை ஆசிரியர் வெட்டித் தந்தவை. மிஞ்சின பேர்ச் மரம், உள்ளங்கை அளவு. ஆளுக்கு ஒன்று. முதலில் மேசைகளில் இருந்து கதைப்பது. பிறகு நினைத்ததைப் பென்சிலால் கட்டையில் எழுதி, எந்த வருடம் அது வரும் என்று நினைக்கிறாரோ அந்த மீற்றரில் வைப்பது. கடைசியில் எல்லாரும் இருபதில் இருந்து பின்பக்கமாக நடந்து வருவது. ஒவ்வொரு கட்டையடியிலும் நின்று, இது நடக்க முதல் என்ன நடந்திருக்க வேணும் என்று கேட்பது. அப்படியே சைபருக்கு வந்தால், வாற திங்கட்கிழமை யார் என்ன செய்வது என்பதில் முடியும்.

இனி என் பிழை.

கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் பக்கத்து வெஸ்ட்லியில் குகன் வீட்டில் கூடினோம். ஒன்பதாம் மாடி. குகன் பஸ் ஓட்டுகிறவர். மனைவி சுபா என் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மகள் அபி அங்கேயே நாலாம் வகுப்பு. பதினாறு பேரும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ்.

அன்று காலை பள்ளிக்கூடத்தில் கூட்ட அறையைத் திறக்கப் போனபோது மேசையில் வரைபடம் கிடந்தது. நான் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"பெரிய திரைக் கூடம் ஒண்டு கீறிக் கிடக்கு. பிள்ளைக்கு ஒரு மெசின். சின்ன அறை நாலும் அதிலை இல்லை."

சின்ன அறை என்பது, வாசிக்கக் கஷ்டப்படுகிற ஒரு பிள்ளையோடு ஒரு ஆசிரியர் தனியே இருந்து படிப்பிக்கிற இடம்.

குகன் சொன்னார்: "அப்ப அவையள் முடிவெடுத்திட்டினம். நாங்களும் அதையே சொல்லுவம். எல்லாரும் ஒரே வசனம். ஒரு சொல் மாறக் கூடாது."

"மாறினால்?"

"மாறினால் கிண்டுவினம்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். அகதியாக வந்த காலத்தில் எங்களுக்குக் குடிவரவு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. புருசன் ஒரு அறை, பெண்சாதி ஒரு அறை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். மூலையில் ஒருவர் இருந்து தட்டெழுதுவார். வீட்டை விட்டு வெளிக்கிட்டது செவ்வாய்க்கிழமை என்று குகன் சொன்னார். அடுத்த அறையில் சுபா புதன் என்றாள். அந்த ஒரு நாளுக்காக அவர்களுடைய விசா இரண்டு வருடம் இழுபட்டது.

வசனம் எழுதினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மெசின் வேணும், பள்ளிக்கூடம் சொல்வதை நாங்கள் ஏற்கிறோம். நோர்வேஜிய மொழியில் நான் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் வாய்ப்பாடு மாதிரித் திருப்பிச் சொன்னார்கள்.

"கோப்பி வேணுமோ எண்டு கேட்டால் என்னண்ணை சொல்லுறது?" ஒருவர் கேட்டார்.

"அதையும் ஏற்கிறம் எண்டு சொல்லும்."

சிரித்தோம். சுபா சிரிக்கவில்லை. ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நான் கண்டேன். கேட்கவில்லை.

மற்ற நாள் கூட்டம். பெரித் நாலு மேசை போடச் சொல்லியிருந்தார். புருசனையும் பெண்சாதியையும் வேறு வேறு மேசையில் இருத்தினார். ஆளுக்கு ஆள் வேறு யோசனை வர வேணும் என்று அப்படிச் செய்வது அவருடைய முறை. கேள்வி ஒன்றுதான், மூன்று விதமாகக் கேட்டார். மூலையில் அந்தப் பெண் தட்டெழுதிக்கொண்டிருந்தாள். எங்கட ஆக்கள் வசனத்தைச் சொன்னார்கள். பதினாறு பேரும். ஒரு சொல் மாறவில்லை.

பதினாறு கட்டையும் ஐந்தாம் மீற்றருக்கு வந்தது. இடம் காணாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார்கள். சின்ன மதில் மாதிரி எழும்பியது. பிரபு மட்டும் தன்னுடையதை முதலாம் மீற்றரில் வைத்தார்.

"கம்ப்யூட்டர நான் வீட்லயே சொல்லிக் குடுத்துக்குவேங்க. இங்க மரவேலைய நல்லா சொல்லிக் குடுத்தா போதும்."

"உவர் ஏன் தனியப் போறார்?" குகன் என் காதில் கேட்டார். "நேற்றுக் கூப்பிடேல்லையோ?"

தமிழர் பதினேழு பேர். பெரித்தின் புத்தகத்தில் இரண்டு வசனம்.

கட்டடக் கலைஞருக்குச் சந்தோசம். "பெற்றோர் ஒரே மனதாக இருக்கிறார்கள்" என்றார். கம்பனி ஆள் மதிலைப் படம் எடுத்தார். எல்லாரும் போன பிறகு பெரித் அந்த மதிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். ஒரு கட்டையை எடுத்து வாசித்தார். அடுத்ததை எடுத்தார். அடுத்ததை.

"ஏன்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அவர் உதடு அசைந்தது. முப்பது வரை எண்ணினார். நான் கதிரைகளை அடுக்கினேன்.

அடுத்த நாள் காலை சுபா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை.

"அண்ணை, நாங்கள் சொன்ன பொய் கட்டடமாகப் போகுது."

நான் நின்றேன்.

"அபி மூண்டாம் அறையிலை இருந்து படிக்கிறவள். எழுத்தெல்லாம் அவளுக்கு இடம் மாறித் தெரியும். பக்கத்திலை ஒராள் இருந்து விரல் வைச்சால்தான் வரி அசையாமல் நிக்கும். மெசினுக்கு முன்னாலை தனிய இருத்தினால் ஓம் ஓம் எண்டு அமத்திப்போட்டு எழும்பி வருவாள். நான் நேற்றுச் செய்த மாதிரி."

"பின்னை ஏன் சொன்னனீர்?"

"நீங்கள்தானே அண்ணை வாசிச்சுக் காட்டினீங்கள்."

துடைப்பத்தைப் பிழிந்தாள். நான் வாளியைத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன்.

பெரித்தின் அறிக்கை இரண்டு கிழமையில் நகரசபைக்குப் போகும். போனால் வரைபடம் மாறாது. ஃபோன் எடுத்தேன். அன்று மத்தியானமே வந்தார். மண்டபத்தில் மேசைகளும் மூலைக் கதிரையும் அப்படியே இருந்தன. எல்லாம் சொன்னேன். வரைபடத்தைப் பார்த்தது, வெஸ்ட்லி, வசனம், நான் வாசித்துக் காட்டியது. வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அந்த விசாரணைகளையும் சொன்னேன். செவ்வாயும் புதனும்.

அவர் குறிப்பு எழுதவில்லை.

"தனித்தனி அறையா?"

"ஓம்."

"ஒரே கேள்வி, மூன்று விதமாக?"

"ஓம்."

"மூலையில் ஒருவர் எழுதிக்கொண்டு?"

"ஓம்."

எழும்பிப் போய் ஒவ்வொரு மேசையையும் தொட்டார். பிறகு மூலைக்குப் போய் அந்தத் தட்டெழுதுகிற கதிரையில் இருந்து மண்டபத்தைப் பார்த்தார். கழுத்து சிவந்து போனது.

"நான் அதே அறையைத் திரும்ப அவர்களுக்கு வைத்திருக்கிறேன்" என்றார். "பிழை என்னுடையது."

"என்னுடையதும்" என்றேன்.

யோசித்தார். "ஆம்" என்றார். "இரண்டு பேருடையதும்."

அந்தப் பிழையில் எனக்குப் பாதி தந்தார். இல்லை இல்லை என்று முதுகில் தட்டி அனுப்பவில்லை. என்னைப் பெரிய ஆளாக நடத்தின மேலதிகாரி அவர் ஒருவர்தான்.

பத்து நாளில் இரண்டாம் கூட்டம். அதே ஆட்கள். தட்டெழுதுகிற பெண் மட்டும் இல்லை. மேசை இல்லை. மூலையில் இருந்த கதிரையைக்கூட வெளியே எடுக்கச் சொன்னார். கட்டையில் பெயர் வேண்டாம். புருசனும் பெண்சாதியும் விரும்பினால் ஒன்றாக நிற்கலாம். பிறகு, ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். தானே முதலில் கதைத்தார்.

ஒரு கட்டையை எட்டாம் மீற்றரில் வைத்தார். "எட்டு வருடத்தில் பாடப் புத்தகம் இருக்காது." கொஞ்சம் நின்றார். "இல்லை. பிழை." எடுத்துப் பதினைந்தில் வைத்தார். தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியாது." திரும்ப எடுத்து நடந்து வந்து சைபரில் வைத்தார். "இன்றைக்கு எத்தனை வீட்டில் புத்தகம் இருக்கிறது என்று முதலில் கேட்க வேணும்."

நான் தமிழில் சொன்னேன்: "மாத்தலாமாம். எத்தினை தரமும் மாத்தலாமாம். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

எங்கட சனம் மூலையைப் பார்த்தது. கதிரை இல்லை.

முப்பது போனது. இன்னொரு முப்பதும் போயிருக்கும். சுபா எழும்பினாள். தன் கட்டையை இரண்டாம் மீற்றரில் வைத்தாள். நோர்வேஜிய மொழியில், தன் சொல்லில் சொன்னாள்.

"மெசின் இருக்கட்டும். ஆனால் என் மகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள். ஒரு சின்ன அறை, ஒரு ஆள், ஒரு விரல்."

விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்சாரும்," குகன் தமிழில் கேட்டார், "நாங்கள் அப்பிடியே கதைச்சனாங்கள்?"

"அது அண்டைக்கு."

"அண்டைக்கும் உப்பிடித்தான். நான் செவ்வாய் எண்டு சொல்ல நீர் புதன் எண்டனீர்."

"புதன்தான். இப்பவும் சொல்லுறன். புதன்கிழமைதான்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பதினாறு பேருக்கும். குகன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவ்வளவு வருடமாக அந்தக் கிழமையை யாரும் வாயில் எடுத்ததில்லை. நோர்வேஜியர்களும் ஏன் என்று தெரியாமல் சிரித்தார்கள்.

"அண்ணா, செவ்வாயா புதனா, என்ன மேட்டர்?" பிரபு கேட்டார்.

"பேந்து சொல்லுறன் தம்பி."

குகன் என்னிடம் வந்தார். ஐந்தாம் மீற்றரில் வைத்த கட்டை மறுபடி கையில் இருந்தது. "அண்ணை, உண்மையா மாத்தலாமோ?"

"மாத்தும்."

பத்தில் வைத்தார். எடுத்தார். மூன்றில் வைத்தார். எடுத்தார். கடைசியில் ஆறில் வைத்தார். மெதுவாகச் சொன்னார்.

"மகளுக்குப் பள்ளிக்கூடத்தாலை வாற கடிதம் எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள்தான் வாசிச்சுச் சொல்லுறவள். அவளுக்கும் எழுத்து ஓடும். ரெண்டு பேருமா ஒரு மணித்தியாலம் இருப்பம். தாய் தேப்பன் வந்திருந்து பழக ஒரு அறை வேணும்."

நான் மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திரை இருக்கட்டும், மூன்று மணிக்கு நிற்க வேணும் என்றார் ஒருவர். திரையே வேண்டாம் என்றார் அவருடைய மனைவி. காய்ச்சல் வருத்தமாக வீட்டில் படுத்திருக்கிற பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவருகிற மெசின் ஒன்று கேட்டார் இன்னொருவர். ஒருவர் இருபதாம் மீற்றரையும் தாண்டிப் போய்ச் சுவரடியில் வைத்தார். "கோடு நீளம் காணாது" என்றார். பிரபு மரவேலையை விட்டுவிட்டு, தான் கிழமையில் ஒரு நாள் வந்து மெசினைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு உள்ளே காட்டுகிறேன் என்றார்.

அந்த மண்டபத்தில் எத்தனையோ விளையாட்டுப் பார்த்திருக்கிறேன். காலுறையோடு முப்பத்தைந்து பேர் வருடங்களுக்குள் நடந்து திரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் குறைவு. ஒருவர் பதினாலில் நின்றார். ஒருவர் மூன்றில் நின்றார். ஒரு தாய் பன்னிரண்டில் நின்று தன் பிள்ளையின் வயதை விரலில் எண்ணினார். இன்னும் வராத நாட்கள் என் தரையில் கிடந்தன. நான் கூட்டித் துடைத்த தரை.

பெரித் ஒரு கட்டையோடு என்னிடம் வந்தார்.

"நீங்கள்?"

"நான் திறப்புக்காரன்."

"அது பதில் இல்லை."

பென்சிலை வாங்கினேன். இருபதாம் மீற்றரில் கொண்டுபோய் வைத்தேன். காலமை கதவை ஒரு ஆள் திறக்க வேணும். அதுதான் எழுதினேன்.

பின்பக்கமாக நடந்து வந்தோம். சைபருக்கு வந்தபோது கட்டடக் கலைஞர் முழங்காலில் இருந்து வரைபடத்தைக் கறுப்புக் கோட்டின் மேல் விரித்தார். இறேசரால் அழித்தார். பென்சிலால் கீறினார். ஓட்டைக் காலுறையில் விரல் தெரிந்தது. அன்றைக்கு இரவு பெட்டியில் போட முதல் எங்கட கட்டைகளை வாசித்தேன். பிரபுவோடும் என்னோடும் பதினெட்டு. ஒன்றைப் போல ஒன்று இல்லை.

அதன் பிறகு ஆறு வருடம், பெரித் கேட்ட நாளெல்லாம், நாடாவும் பெட்டியுமாக வேறு பள்ளிக்கூடங்களுக்கும் போனேன். ஒவ்வொரு மண்டபத்திலும் முதலில் மூலையைப் பார்ப்பேன். கதிரை இருந்தால் எடுத்துவிடுவேன். புதுக் கட்டடம் திறக்க முதல் எனக்கு ஓய்வு வந்துவிட்டது.

போன கிழமை நிலானியிடம் போனேன், பெட்டியைப் பார்க்க. கணக்குப்படி இப்போது எட்டாம் மீற்றர். அபிக்குப் பதினேழு. அட்டையைக் காட்டினால் கதவு தானாகத் திறக்கிறது. யாரும் நிற்கவில்லை. நான் கேட்டது நடக்கவில்லை. அது சரி, இருபதுக்கு இன்னும் இருக்கிறது.

திரைக் கூடம் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்ததில் பாதி. பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு இருந்தார்கள். நல்ல வடிவு. அதைத் தாண்டினால் ஒரு நடை. அதில் சின்ன அறைகள். முதல் அறைக் கண்ணாடியால் பார்த்தேன். ஒரு பிள்ளை. பக்கத்தில் ஒரு ஆசிரியர். புத்தகத்தில் ஒரு விரல். கடைசி அறையில் ஒரு தகப்பன் கடிதம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை.

வாயால் சொன்னது கதவாக நின்றது.

"என்ன அங்கிள் பாக்கிறீங்கள்?" நிலானி கேட்டாள்.

பழைய கட்டடத்தில் நாலு. முதல் வரைபடத்தில் ஒன்றுமில்லை. நடையின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு கதவாகக் கையால் தொட்டு எண்ணினேன்.

ஐந்து.